வாய் நிறைய மாவு

இன்று பொன்னேரிக்குப் பல்லுக்கு அளவு கொடுக்கப் போனேன். கிழிந்த வலையைப் பின்னும்போது நைலான் நரம்பைக் கடித்து அறுத்ததில் முன்பல் உடைந்துவிட்டது. அதற்குக் கேப் போட வேண்டும்.

ஈறுக்கடியில் மெல்லிய நூல் வைத்து ஒதுக்கினால்தான் பல்லின் ஓரம் அச்சில் சரியாக விழும், இல்லையென்றால் கேப்புக்குள்ளேயே சொத்தை பிடிக்கும் என்று போன வாரம் டாக்டரே சொன்னார்.

இன்று நூலைக் காணோம். நேராக அச்சு எடுக்கும் மாவு நிரப்பிய தட்டை வாயில் திணித்தார். "இறுகுற வரைக்கும் ஆடாதம்மா."

நர்ஸ் மெதுவாகக் கேட்டார். "சார், நூல் வெக்கலியே?"

"வுடும்மா. பழவேற்காட்டுல மீன் விக்கிறவங்கதானே. இன்னா, சினிமாவுல நடிக்கப் போறாங்களா?"

என் தலைக்கு மேலேயே பேசுகிறார்கள். எச்சில் கழுத்து வரை வழிகிறது. மீன் ஏலத்தில் நாலு வியாபாரிகளை ஒரே மூச்சில் அடக்குகிற வாயில் இப்போது மாவு.

ஆத்திரத்தில் கடித்துவிட்டேன். தட்டு கோணிக்கொண்டது.

"ஏம்மா கடிச்சே? அளவு போச்சு பாரு."

மாவைத் துப்பிவிட்டுச் சொன்னேன். "நீங்க பேசும்போதே அளவு போச்சு சார். நூல வெச்சு மறுபடி எடுங்க."

வைத்தார். இரண்டாம் தடவை மாவு இறுகும்வரை அந்த அறையில் யாரும் வாயைத் திறக்கவில்லை, என்னைத் தவிர.

அடுத்த வாரம் கேப் வருகிறது. அன்றைக்கு என் வாயில் மாவு இருக்காது. அவருக்குத் தெரிந்தவர்கள் யாராவது இந்தப் பதிவைப் படித்தால் சொல்லி வையுங்கள்.