நானூற்றுப் பன்னிரண்டு பேரும் மென்னோவும்

லேவார்டன் நகராட்சியில் வாகனம் நிறுத்த அனுமதிச் சீட்டு கொடுக்கும் ரென்ஸ்காவுக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனாலும் வாய்க்கால்களின் நீர்மட்டத்தைக் கணிக்கும் ஒரு திறந்த மூல மென்பொருளோடு ஒன்பது வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்தாள். அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தியும் அனுப்பலாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை, அந்த வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக் கோட்டுப் படமாக வரைவாள். சம்பளமில்லை; அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

பதினோரு பேரில் தொடங்கிய குழு நானூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தது. ஸ்வோல்லாவில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் படத்தைத் திரையில் போட்டாள். கூட்டத்தை நடத்திய எவர்ட் சிரித்தான்.

"என்ன ரென்ஸ்கா, உன் கோடு கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயிடும் போலிருக்கே!"

கைதட்டல் ஓய்ந்ததும் இன்னொரு படம் காட்டினாள். வருகிற திருத்தங்களைச் சரிபார்த்துச் சேர்ப்பது யார் என்ற கணக்கு. பத்துக்கு ஒன்பது ஒரே ஆள்: டெல்ஃப்சைல் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மென்னோ. வேலை முடிந்து வந்து, சாயங்காலமெல்லாம் இதில்தான் கிடப்பான்.

"எல்லாம் இவன் தலையிலயே விழுது. கொஞ்சம் பாருங்கப்பா."

"மென்னோ இரும்பாச்சே! என்னப்பா, துரு ஏதும் பிடிச்சிருக்கா?" என்றான் எவர்ட்.

கடைசி வரிசையிலிருந்து மென்னோ காப்பிக் குவளையைத் தூக்கிக் காட்டினான். "பழகிப்போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ரென்ஸ்காவும் சிரித்துக்கொண்டே படத்தை மூடினாள்.

மார்ச் தொடக்கத்தில் குழுவின் பக்கத்தில் மென்னோவிடமிருந்து இரண்டே வரி வந்தது. 'இனி என்னால் முடியாது. சேர்க்கும் பொறுப்பை எவர்ட்டுக்கு மாற்றிவிட்டேன்.' ஒரு மணி நேரத்துக்குள் அதன் கீழே முப்பத்தேழு பேர், தங்கள் திருத்தம் எப்போது பார்க்கப்படும் என்று கேட்டிருந்தார்கள். ரென்ஸ்கா பழக்கதோஷத்தில் எண்ணிவிட்டாள். உனக்கு என்ன ஆச்சு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. மூன்று வாரம் பொறுத்து டெல்ஃப்சைலுக்கு ரயிலேறிப் போனாள். கதவைத் திறந்த மென்னோ பாதியாக இளைத்திருந்தான்.

"என்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போக வந்தியா?"

"இல்லடா. உன்னைப் பார்க்கத்தான்."

காப்பி ஊற்றினான். "கம்ப்யூட்டரைத் திறந்தாலே ராத்திரி தூக்கம் போயிடுது. தொடவே கூடாதுன்னுட்டாரு டாக்டர்."

"அன்னிக்குக் கூட்டத்துல நான் அதை விட்டிருக்கக் கூடாது. அவங்களோட சேர்ந்து சிரிச்சுட்டேன்."

"நானும்தானே சிரிச்சேன்." சர்க்கரையை அவள் பக்கம் நகர்த்தினான். "உன் கோடு ஏற ஏற எனக்குப் பயமா இருக்கும், ரென்ஸ்கா. ஆனா நீ அதை எவ்வளவு ஆசையா வரைவே! சொல்ல மனசு வரல."

அவள் குவளைகளைக் கழுவி வைத்துவிட்டுக் கடைசி ரயிலைப் பிடித்தாள்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை கணக்கெடுக்க உட்கார்ந்தாள். வந்தவர்கள் முப்பத்தொன்று. போனவர்கள் ஒன்று. படத்தை அனுப்பியதும் 'பிரமாதம்!' என்று எவர்ட் எழுதினான். அடுத்த மாதக் கணக்குக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவனுக்கு எழுதினாள்.

மென்னோ திரும்பி வரவே இல்லை. அவன் வேலையை ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கோடைக்குள் அவர்களில் மூன்று பேர் விலகிவிட்டார்கள்.