மூன்றாவது அல்பத்தில் ஏழு

இறந்துபோன தம்பி நிர்மலனின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக, அவனுடைய நான்கு இசை அல்பங்களையும் ஒப்பிட்டு சாம்பவி ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது. மலரைத் தொகுத்த கனகசிங்கம் மாமா சொன்னார்: "பிள்ளை, பதினாலு நிமிசம் ஒரு பாட்டு. அதிலை பத்து நிமிசம் ஒருத்தரும் வாய் திறக்காயினம். எங்களுக்கு விளங்கிறமாதிரி எழுது."

நிர்மலனின் புரோகிரசிவ் ரொக் குழுவுக்கு 'உப்புக்கோடு' என்று பெயர். சாம்பவிக்குக் கியூபெக்கில், லாசாலில் உணவு பொதி செய்யும் ஆலையில் வேலை. நாள் முழுக்க எண்ணுவதுதான் தொழில். சிறு வயதில் மிருதங்கம் படித்தவள். கிற்றாரோடு தம்பி திணறிக்கொண்டிருந்த ஒரு நாள், சாப்பாட்டு மேசையில் ஏழடித் தாளமொன்றைத் தட்டிக் காட்டினாள். முதல் அல்பத்தின் எட்டுப் பாட்டில் ஐந்து அந்த ஏழில்தான் ஓடின. இரண்டாவதில் பாட்டுகள் நீண்டன, பழைய கியூபெக் குழுக்களின் ஓர்கன் சத்தமும் சேர்ந்தது. அடியில் ஏழு அப்படியே கிடந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே பெருமைப்பட்டாள்.

மூன்றாவதில் பாடகியாக ஜொய்சி வந்தாள். மட்டக்களப்புக் குடும்பம், தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவள். அவள் வந்ததும் ஏழு போயிற்று. நாலடித் தாளம், நாலு குரல், பதினாலு நிமிடப் பாட்டு. எல்லோரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். செத்த வீட்டில்கூட இசைக்காரர்கள் ஜொய்சியிடம்தான் துக்கம் விசாரித்தார்கள். கூடப்பிறந்தவள் பக்கத்தில் நின்றாள்.

'மூன்றாவது அல்பத்தில் தாளம் முதுகெலும்பை இழந்தது' என்று எழுதி, அல்பங்களில் வாசித்தவர்களின் பெயர்களைச் சரிபார்க்கவென்று ஜொய்சிக்கு அனுப்பினாள். பெயர்களுக்காக மட்டும் அனுப்பவில்லை என்பது அவளுக்கே தெரியும்.

ஞாயிறு மதியம் ஜொய்சி ரொக்ஸ்பரோவில் இருந்த சாம்பவியின் வீட்டுக்கே வந்துவிட்டாள். கோபமாக வரவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பெயரெல்லாம் சரி அக்கா. முதுகெலும்புதான் பிழை."

"அது என்ர கருத்து."

"கருத்து இருக்கட்டும். எண்ணிப் பாருங்க. உங்களுக்கு அதுதானே வேலை."

போனை மேசையில் வைத்து அந்தப் பதினாலு நிமிடப் பாட்டைப் போட்டாள். நாலடி ஒரு சுற்று. வழமையாக எட்டுச் சுற்றில் திரும்பவேண்டிய பாட்டு ஏழில் திரும்பியது. அடுத்த பகுதியும் ஏழில். குரல்கள் மட்டும் வந்த இடத்திலும் ஏழு. நாற்பது தடவையாவது கேட்ட பாட்டு. ஆனால் ஜொய்சியின் குரல் வந்ததுமே சாம்பவி எண்ணுவதை விட்டுவிடுவாள்.

"சேர்ச்சில பாடிப் பழகின எனக்கு எட்டுத்தான் வரும். 'அக்காட கணக்கு ஏழு, மறக்காத' எண்டு நிர்மலன் ஏசுவாரு."

"எனக்கு அவன் சொல்லேல்லை."

"உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சிருப்பாரு."

சாம்பவி தேத்தண்ணி போட எழுந்தாள். தம்பி தன்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஜொய்சியின் காதில்தான் விழுந்திருக்கிறது. தனக்குரியதைக் கொண்டுவந்து தரவும் இவள்தான் வரவேண்டியிருந்தது.

ஜொய்சி போனபின் முதுகெலும்பை அழித்தாள். 'ஏழு மறையவில்லை, பாட்டின் அமைப்புக்குள் போய்விட்டது என்பதைக் கவனித்தேன்' என்று எழுதினாள். பிறகு 'கவனித்தேன்' என்பதை எடுத்துவிட்டு 'ஜொய்சி காட்டினார்' என்று போட்டாள்.

மிச்சம் நான்காவது அல்பம். நிர்மலன் கடைசியாகச் செய்தது. இம்முறை ஜொய்சி பாடிய இடங்களிலும் விடாமல் எண்ணினாள். எட்டுச் சுற்று வந்தது. திருப்பிப் போட்டு மேசையில் விரலால் தட்டியபடி எண்ணினாள்.

எட்டுத்தான். முதலிலிருந்து முடிவுவரை எட்டு, ஜொய்சியின் எட்டு.

அவள் அதையும் எழுதினாள்.