ஒரு காது விழித்திருக்கட்டும்

டங்... டங்... டங்...

அடுத்த அறையிலிருந்து வந்தது அந்தச் சத்தம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்கு, தெருவில் யாரோ கம்பியைத் தட்டுவது போலத்தான் முதலில் கேட்டது.

திரையில் மேலாளர் வாயெல்லாம் பல்லாகப் பேசிக்கொண்டிருந்தார். "நேத்து எல்லா வீட்டுக்கும் போன புது வெர்ஷன்ல நம்ம மணிப் பெட்டி சார்ஜே போடாம வாரக்கணக்குல நிக்கும். எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க!"

கட்டம் கட்டமாக முகங்கள் கை தட்டின. அந்தக் கைதட்டலைக் கிழித்துக்கொண்டு மறுபடியும், டங்... டங்...

அம்மா!

ஹெட்போனை ஒரு பக்கம், நாற்காலியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு ஓடினாள். அம்மா கட்டிலில் பாதி சரிந்து கிடந்தாள். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போனவள். மிஞ்சியது இடது கை ஒன்றுதான். அந்தக் கையில் தண்ணீர் டம்ளர். அதைத்தான் கட்டில் கம்பியில் அடித்துக்கொண்டிருந்தாள். உடுப்பும் விரிப்பும் நனைந்திருந்தன. அது தண்ணீர் இல்லை.

அவளைப் பார்த்ததும் அம்மா டம்ளரைப் போட்டுவிட்டு, தலையணை அருகிலிருந்த வெள்ளைப் பெட்டியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். விட்டு, மறுபடி அழுத்தினாள். நான் கூப்பிடாமல் இல்லையடி, எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறேன் பார் என்று அந்த விரல் கெஞ்சியது. அழுத்தினால் வீட்டிலுள்ள எல்லார் போனிலும் மணி அடிக்க வேண்டும். பெட்டியோ கல்லாகக் கிடந்தது. அம்மாவின் கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு வழிந்து காதுக்குள் இறங்கியது.

ஒரு பெண்கள் விடுதியைக் கட்டி ஆண்டவள் அம்மா. யாரிடமும் தலை குனியாதவள். அவளுக்கு இந்தக் கதியா?

"என்னங்க! ஓடி வாங்க!"

முன் அறையில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த கணவர் டேப் கழுத்தில் தொங்க ஓடி வந்தார். "மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலைம்மா. மணி அடிக்கும்னுதான் போனை மடியிலேயே வச்சிருந்தேன்."

"அடிக்கலீங்க. மணி அடிக்கவே இல்ல."

இருவருமாக அம்மாவைத் துடைத்து, உடுப்பு மாற்றிப் படுக்கவைத்தார்கள். பிறகு ஈரக் கையோடு திரும்பி வந்தாள். கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. மைக்கைத் திறந்தாள்.

"கை தட்டினது போதும் சார். எங்க அம்மா மூத்திரத்துல கிடந்தாங்க. நம்ம மணி அடிக்கல."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "மேடம், இதை நாம தனியா பேசிக்கலாம்." கூட்டம் சட்டென்று அணைந்தது.

அவள் பார்க்கும் வேலையை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. இயந்திரத்தின் அடிவயிற்றில் கர்னல் என்றொரு நிரல் இருக்கிறது. திரை, ஒலிபெருக்கி, வயர்லெஸ், பொத்தான் என்று ஒவ்வொரு உறுப்பையும் எப்போது தூங்கவைப்பது, எப்போது எழுப்புவது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை. உறுப்பைப் பயன்படுத்துகிறவர்கள் கையைத் தூக்கி நிற்பார்கள்; வேலை முடிந்ததும் கையை இறக்கிவிட வேண்டும். தூக்கிய கை ஒன்று கூட இல்லையென்றால் அந்த உறுப்பு தூங்கலாம். எல்லாம் தூங்கினால் பெட்டியே தூங்கும். அலுவலகத்தில் அவளுக்குத் தாலாட்டு மேடம் என்று பெயர். "ராத்திரி என் மாமியார் தூங்க மாட்டேங்கறாங்க, நீங்க வந்து ரெண்டு வரி எழுதிக் குடுங்களேன்" என்று கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

ஆனால் அந்தத் தாலாட்டை அவள் எங்கே கற்றாள் என்று யாரும் கேட்டதில்லை. விடுதி அறையில் அம்மாவின் பக்கத்தில் படுத்து வளர்ந்தவள் அவள். அம்மா அடித்துப் போட்டது போலத் தூங்குவாள். இடி இடித்தாலும் எழ மாட்டாள். கோடி அறையில் ஒரு பெண் இருமினால் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அதைத்தான் அவள் பெட்டிக்குள் எழுதியிருந்தாள். எல்லாம் தூங்கட்டும், சிவப்புப் பொத்தானுக்கு மட்டும் ஒரு காது திறந்திருக்கட்டும். விரல் பட்டால் அது கர்னலைத் தட்டி எழுப்பும், கர்னல் மற்ற எல்லாவற்றையும் எழுப்பும்.

மடிக்கணினியைத் திறந்து புது வெர்ஷனைப் பிரித்துப் பார்த்தாள். பொத்தானுக்கு இருந்த எழுப்பும் உரிமையை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். அதுவும் எப்போது? அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்க, அவள் விடுப்பில் இருந்தபோது! நேற்றுதான் அது எல்லா வீட்டுப் பெட்டிக்கும் போய் இறங்கியிருந்தது.

ஏன் வெட்டினார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று மேலாளர் ஓயாமல் புலம்புவார். முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே பேட்டரி சார்தான். வயர்லெஸ்ஸை எழுப்பிய ஏதோ ஒரு நிரல், தூக்கிய கையை இறக்க மறந்துவிட்டிருந்தது. அது தூங்காமல் சார்ஜைத் தின்றது. அதைத் தேடுங்கள் என்று விடுப்பில் போகும் முன்பே அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். தேடுவதற்கு நாளாகும், வெட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். போர்வை உரசினால் கூடப் பெட்டி விழிக்கிறது, விழித்தால்தானே வயர்லெஸ் சார்ஜைத் தின்னும் என்று சாக்கு வைத்து, பொத்தானின் காதைச் செவிடாக்கிவிட்டார்கள். திருடனைப் பிடிக்கச் சொன்னால் காவல்காரனின் கழுத்தை அறுத்திருக்கிறார்கள்!

மாலை வெயில் சாயும் முன்பே மேலாளர் ஆப்பிள் பையோடு வந்து நின்றார். கணவர் துணிக் குவியலை ஒதுக்கி ஒரு நாற்காலி போட்டார்.

"அம்மா எப்படி இருக்காங்க மேடம்?"

"உள்ளதான் இருக்காங்க, நீங்களே கேளுங்க சார். வாய் திறந்து பதில் சொல்ல அவங்களால முடியாது. அதுக்குத்தானே நாம இந்தப் பெட்டியைச் செஞ்சோம்?"

அவர் ஆப்பிள் பையைத் தையல் மெஷின் மேல் வைத்தார். "உங்க கோவம் நியாயம்தான். சின்ன விஷயம் மேடம். அடுத்த மாச அப்டேட்ல சேர்த்துடலாம். சில மேம்பாடுகள்னு ஒரு வரி போட்டா போதும். பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு நம்ம பெட்டியை எடுக்கப் போகுது. இந்த நேரத்துல ஊரைக் கூட்ட வேண்டாமே."

"அது வரைக்கும் பொத்தானை அழுத்தறவங்க?"

"அதான் எல்லா வீட்லயும் ஆள் இருக்காங்களே."

மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்கினார். "ஆள் பக்கத்துலயே இருந்தா மணி எதுக்கு சார்?"

மேலாளர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "இல்ல சார், நானே அழுத்திப் பார்த்தேன். எங்க எல்லா மேஜையிலயும் மணி நல்லா அடிச்சுதே!"

அவள் அம்மாவின் அறைக்குள் போனாள். அவரும் பின்னால் வந்தார். பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இப்ப அழுத்துங்க சார்."

அழுத்தினார். கணவரின் போன் வாயைத் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். கட்டை விரல் வெளுத்ததே தவிர, மணி அடிக்கவில்லை. கட்டிலிலிருந்து அம்மா அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பெட்டி மட்டும் ரிப்பேரோ என்னவோ."

"ரிப்பேர் இல்ல. ஆபீஸ்ல ஒவ்வொரு மேஜையிலயும் பெட்டியோட வாயில ஒரு சார்ஜர் ஒயர் சொருகியிருக்கு. ஒயர் இருந்தா அது தூங்காது. தூங்காத பெட்டியை அழுத்திட்டு, அடிக்குது அடிக்குதுன்னு கை தட்டியிருக்கீங்க. ஒயரைப் பிடுங்கிட்டு, அது தூங்கற வரைக்கும் காத்திருந்து அழுத்த உங்கள்ல ஒருத்தருக்குக் கூடத் தோணலையா? படுத்துக் கிடக்கறவங்க கட்டில் பக்கத்துல எந்த வீட்டுல சார் பிளக் இருக்கு?"

"மேடம், சத்தம் போடாதீங்க..."

"சத்தம் போடாம என்ன பண்றது? எங்க அம்மாகிட்ட ஒரு டம்ளர் இருந்துச்சு. டம்ளர் இல்லாதவங்க இருக்காங்க சார்! கையைத் தூக்க முடியாதவங்க இருக்காங்க. மணி இருக்குன்னு நம்பி, பெத்தவங்களைத் தனியா விட்டுட்டுக் கடைக்குப் போன பிள்ளைங்க இருக்காங்க. அவங்க போன் இப்ப அமைதியா இருக்கு. அமைதியா இருந்தா அம்மா நல்லாத் தூங்கறாங்கன்னுதானே நினைப்பாங்க?"

வந்த கண்ணீரை அவள் உள்ளேயே விழுங்கிக்கொண்டாள். இந்த மனிதர் முன்னால் அழுவதா?

மேலாளரின் முகத்திலிருந்த குழைவு மறைந்தது. "நல்லா யோசிங்க. அந்த ஃபைல்ல பொறுப்பாளர்னு உங்க பேர்தான் இருக்கு. வெளியில தெரிஞ்சா முதல்ல கேள்வி உங்களைத்தான் கேப்பாங்க. இந்த வயசுல வேற வேலை தேடறது சுலபம் இல்ல மேடம்."

கணவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். இந்த வீட்டின் அடுப்பு அவள் சம்பளத்தில்தான் எரிகிறது என்பது அவருக்குத் தெரியாதா? அவள் அவரைப் பார்த்தாள். அவர் கழுத்து டேப்பை உருவி விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "என்னை ஏன்ம்மா பாக்கறே? இந்த மாசம் சீருடை ஆர்டர் நிறைய இருக்கு. பொத்தானுக்குக் காஜா போட ஆள் தேடிட்டுத்தான் இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள்.

"என்ன பண்றீங்க?" மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"புது வெர்ஷன் அனுப்ப ரெண்டு பேர் சம்மதம் வேணும். பழசுக்குத் திரும்ப ஒருத்தர் போதும். நான்தான் அந்த விதியை அடம்பிடிச்சு வாங்கினேன். நீங்களும் இருந்தீங்களே சார், மறந்துட்டீங்களா?"

திரும்பிப் போவதற்குக் காரணம் எழுத ஓர் இடம் இருந்தது. அதில் எழுதுவது அப்படியே எல்லா வீட்டுப் போனுக்கும் போகும். அவள் எழுதினாள்: 'மணிப் பெட்டி தூங்கும்போது பொத்தான் வேலை செய்யவில்லை. தவறு எங்களுடையது. உடனே பெட்டியைச் சார்ஜரில் செருகுங்கள்; செருகியிருந்தால் மணி அடிக்கும். பழைய நிரல் வந்து சேர்ந்தபின் கழற்றலாம். இப்போதே ஒரு முறை போய் உங்கள் நோயாளியைப் பாருங்கள்.'

"அனுப்பாதீங்க! நான் சொல்றேன், அனுப்பா..."

அனுப்பிவிட்டாள்.

மேலாளரின் சட்டைப் பையிலேயே போன் கிணுகிணுத்தது. எடுத்துப் படித்தார். முகம் கறுத்தது. "நாளைக்கு ஆபீஸ் வர வேண்டாம்."

"நாளைக்குத்தானே? இன்னிக்கு எனக்கு வேலை இருக்கு."

அவள் அம்மாவின் பெட்டியை மடிக்கணினியோடு இணைத்தாள். பழைய நிரல் ஏறியது. ஒயரை உருவினாள். பச்சை விளக்கு மெல்ல மங்கி அணைந்தது. பெட்டி தூங்கிவிட்டது. அதைத் தலையணை அருகில் வைத்துவிட்டு மேலாளரை வழியனுப்ப முன் அறைக்கு வந்தாள். எவ்வளவு கோபமானாலும் வீட்டுக்கு வந்தவரை வாசல் வரை கொண்டுவிட வேண்டும் என்பது அம்மா வளர்த்த வளர்ப்பு.

அவர் படியில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். கணவர் ஆப்பிள் பையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். "அத்தையால கடிச்சுச் சாப்பிட முடியாது சார்."

அப்போது அடித்தது மணி.

கணவரின் போனில், அவள் போனில், ஒன்றாக. வீடே அதிர்ந்தது. மேலாளரின் கை ஷூ கயிற்றோடு நின்றுவிட்டது. அவள் ஓடினாள்.

"என்னம்மா? என்ன வேணும்?"

அம்மாவுக்குத் தண்ணீர் வேண்டாம், கழிப்பறை வேண்டாம். இடது கையை மெல்லத் தூக்கி, முன் அறை வாசலைச் சுட்டினாள். பிறகு உள்ளங்கையை விரித்து, காற்றில் ஒரு தள்ளுத் தள்ளினாள். விடுதியில், அழைக்காத ஆள் நேரம் தாண்டியும் வாசலில் நின்றால் அம்மா காட்டுகிற அதே சைகை.

"சரிம்மா."

அவள் வாசலுக்குத் திரும்பினாள். மேலாளர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, தெருவில் இரண்டடி வைத்திருந்தார்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.