சேதி வருமுன் அழுதவள்

சிங்காநல்லூரிலிருந்து சரவணம்பட்டிக்குப் போகும் எங்கள் அலுவலக வேனில் துப்பறியும் கதை சொல்வது நான்தான். காலையில் ஏறி உட்கார்ந்ததும் யாராவது, "அப்புறம் என்னாச்சுங்கக்கா?" என்பார்கள். முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். அந்தக் கேள்விக்காகவே சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கொலைகளை யோசித்துக்கொண்டிருப்பேன்.

சென்ற மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், கம்ப்யூட்டர் எழுதியது என்று சொல்லி ஒரு கதையைப் போனிலிருந்து வாசித்தாள். துடியலூரில் மரக்கடை முதலாளி ஒருவர் கடைக்குள்ளேயே செத்துக் கிடக்கிறார். வேன் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. என்னிடம் கேட்கிற கேள்வியை அவளிடம் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

நடுவில் ஓர் இடம். போலீஸ்காரர் முதலாளியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். மனைவி அழுதுகொண்டே வந்து திறக்கிறாள். அவரோ இன்னும் வாயே திறக்கவில்லை. கணவன் செத்தது அவளுக்கு எப்படித் தெரியும்? இப்படி ஒரு தடயத்தை இவ்வளவு சாதாரணமாகப் போட்டுவிட்டுப் போக எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அடுத்த நிறுத்தம் வந்ததுகூடத் தெரியாமல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில், அதுவரை தலையே காட்டாத ஒரு லாரி டிரைவர்தான் கொலைகாரன் என்று கதை முடிந்தது. அந்த அழுகை வெறும் பிழை.

"என்னங்க இது, சப்புன்னு போச்சு," என்றார் எங்கள் வேன் ஓட்டுநர்.

எனக்கு ஒரே சந்தோஷம். அந்த நேரம் பார்த்து, கதை வாசித்த பெண், "ஏனுங்கக்கா, நீங்க யாருன்னு நெனச்சீங்க?" என்று கேட்டாள்.

"பொண்டாட்டிதான் கண்ணு. சேதி சொல்றதுக்கு முன்னாடியே அழுதுபோட்டாளே."

மறுநாள் அவள் புது முடிவோடு வந்தாள். நான் சொன்னதைச் சொல்லி, கம்ப்யூட்டரையே மாற்றி எழுத வைத்திருந்தாள். மனைவி மாட்டிக்கொள்ளும் இடத்தில் பின்சீட்டில் கைதட்டினார்கள். "அக்கா சொன்னதுதாங்க," என்று அவள் சொல்லத்தான் செய்தாள். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

அதன்பிறகு தினமும் அவளே வாசிக்கிறாள். எல்லாக் கதையிலும் ஏதோ ஓர் ஓட்டை இருக்கிறது. நேற்றைய கதையில், பூட்டிய அறைக்குள் செத்துக் கிடந்தவரின் செருப்பு ஈரமாக இருந்தது. ஏன் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

"முடிவு சரியா இருக்குதுங்களாக்கா?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"நல்லா இருக்குது கண்ணு," என்றேன். அந்த ஈரச் செருப்பு என் அடுத்த கதைக்கு வேண்டியிருந்தது.