பத்து கிலோவும் அடுத்த காம்பராக்காரியும்

கிளினிக்ல என்னையத் தராசுல ஏத்திவிட்டு, எண்பத்தெட்டு கிலோன்னு நர்சம்மா சத்தமாச் சொன்னாங்க. வரிசையில நின்ன அத்தன பேருக்கும் கேட்டிருக்கும். நான் நம்பல. செருப்பக் கழட்டிட்டு இன்னொரு தடவ ஏறினேன். அதே எண்பத்தெட்டு. தேயிலைத் தோட்டத்துல பொறந்த எவளும் தராச நம்ப மாட்டா. பதினாறு வருஷம் கொழுந்து பறிச்சவ நான். முதுகு ஒடியச் சுமந்துகிட்டு வந்து கொக்கியில மாட்டினா பதினாலுன்னு சொல்லும். சுமந்தவளுக்குத் தெரியாதா அது பதினெட்டா பதினாலான்னு? கொழுந்துன்னா குறைச்சுச் சொல்ற தராசு, என் ஒடம்புன்னா மட்டும் கூட்டிச் சொல்லுதேன்னு எனக்கு அப்படி ஒரு கோவம்.

டொக்டர் பாவம், நல்லபடியாத்தான் சொன்னாரு. கர்ப்பப்பையில கட்டி. மாசத்துல பாதி நாள் இரத்தம் போகுது. ரெண்டு தடவ ஆஸ்பத்திரியில படுக்க வச்சு இரத்தம் ஏத்தியாச்சு. எடுத்துறணும், ஆனா இந்த எடையோட, இந்த பிரஷரோட மயக்க ஊசி போட முடியாது. பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க, அன்னிக்கே தேதி தர்றேன்னு சிங்களத்துல சொல்லி, வெளங்கிச்சான்னு பத்து விரலையும் விரிச்சுக் காட்டினாரு. நல்லா வெளங்கிச்சு. குறைக்கலன்னா ஒப்பரேஷன் இல்ல. ஒப்பரேஷன் இல்லன்னா இப்படியே போய்க்கிட்டே இருந்து ஒரு நாளைக்கு நான் விழுந்துருவேன். திரும்பி வர்ற பஸ்ஸுல யன்னல் பக்கம் மொகத்தத் திருப்பிக்கிட்டு அழுதேன்.

நான் ஒண்ணும் வெட்டி விழுங்குறவ இல்ல. ஏழு வருஷத்துக்கு முந்தி என்னையப் பிள்ளைக் காம்பராவுல போட்டாங்க. அம்மாமாரு மலைக்குப் போறப்ப கைப்பிள்ளைங்கள விட்டுட்டுப் போவாங்க, பாத்துக்கணும். ஏறி எறங்கின காலு உக்காந்துருச்சு. பிள்ளைங்க நாலு வாயி தின்னுட்டு மிச்சம் வச்ச சோத்த, சத்துமா உருண்டைய, கொட்ட மனசு வராது. பன்னண்டு பிள்ள மிச்சம் வச்சா அது ஒரு ஆள் சோறு. அதுக்கு மேல என் சோறு. பத்து மணிக்கும் மூணு மணிக்கும் சீனி போட்ட தேத்தண்ணி வேற. இதையெல்லாம் கூட்டிப் பாக்க எனக்கு அந்த டொக்டரோட பத்து விரல் வேண்டியிருந்திச்சு.

வீட்டுக்காரரு பேக்டரியில வேல. விஷயத்தக் கேட்டுட்டு, "வாயக் கட்டு"ன்னாரு. அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுலயே, ரொட்டிக்கு இன்னும் கொஞ்சம் தேங்காப்பூ போட்டிருக்கலாம்னு கொறையும் சொன்னாரு. கொழும்புல இருக்கிற தங்கச்சி, "அக்கா, தனியாச் செய்ய முடியாது, கூட ஆளு வேணும்"னு சொல்லி, போன்ல ஒரு மெலியிற குரூப்புல என்னையச் சேத்து விட்டா. குட்மோர்னிங் மட்டும் ஒரு நாளைக்கு நாப்பது. பொம்பளைங்க மெலியிறதுக்கு முந்தி ஒரு படம், பிந்தி ஒரு படம். நான் அந்தப் படத்தையெல்லாம் பெருசாக்கிப் பாப்பேன். முந்துன படத்துல தாடையில மச்சம் இருக்கும், பிந்துன படத்துல இருக்காது. மச்சமுமா மெலியும்? அஞ்சாம் நாள் விஷயம் வெளிய வந்திச்சு: மெலிய வைக்கிற தேயிலை விக்கிறாங்களாம்! தேயிலைக்குள்ள பொறந்து வளந்தவகிட்டயே தேயிலைய மருந்துன்னு விக்க வந்துட்டாளுங்க. அப்பவே அந்தக் குரூப்ப விட்டு வெளியேறிட்டேன்.

அதுக்கு அடுத்த நாள் விடியக்காலம் கதவு தட்டுற சத்தம். தொறந்தா, அடுத்த காம்பராக்காரி.

இவளப் பத்திச் சொல்லணும். எங்க லயத்துல எல்லாம் ஒட்டின காம்பரா வீடுதான், அவ வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரு செவருதான். ஆறு வருஷமாப் பேச்சுவார்த்த கெடையாது. அவ மாடு என் போஞ்சிக் கொடி முழுசையும் தின்னுருச்சு, நான் கேக்கப் போனேன், அவ "மாட்டுக்கிட்ட கேளுங்க"ன்னு சொன்னா. அதோட முடிஞ்சிச்சு. என்னைய விட நாலு வயசு சின்னவ, இன்னும் கொழுந்து பறிக்கிறா, ஒடம்பு கயிறாட்டம் இருக்கும். அவதான் டோர்ச் லைட்ட வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு, ஆறு வருஷம் நடுவுல இல்லவே இல்லாத மாதிரி, "அக்கா, செருப்பப் போடுங்க. பெரட்டுல வேலைக்குப் பேரு கூப்பிடுறதுக்கு முந்தி நடந்துட்டு வந்துருவோம்"னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டிச்சு. செவரு வழியா எல்லாத்தையும் கேட்டிருக்கா, சரி. ஆனா இவளுக்கு என்னா வந்திச்சு? நான் மெலிஞ்சா இவளுக்கு என்னா? உண்மையச் சொல்றேன், அன்னிக்கு நான் மெலியறதுக்குச் செருப்பப் போடல. இவ என்னா திட்டத்தோட வந்திருக்கான்னு கண்டுபிடிக்கத்தான் போட்டேன். அந்தச் சந்தேகம் மட்டும் இல்லன்னா, அந்தக் குளிருல போர்வைய விட்டு ஒரு நாள்கூட எந்திரிச்சிருக்க மாட்டேன்.

வட்டகொடை ஸ்டேஷனுக்குப் போற ரோட்டுல, கோயில் வளைவு வரைக்கும் போவோம். தோட்டத்துல யாரும் சும்மா நடக்க மாட்டாங்க. மலைக்கு நடப்போம், தண்ணிக்கு நடப்போம், வெறகுக்கு நடப்போம். வெறுங்கைய வீசிக்கிட்டு ரெண்டு பொம்பளைங்க விடியக்காலம் போனா ஊரு விடுமா? சங்கத்துல புகார் குடுக்கப் போறாங்கன்னு ஒரு பேச்சு, குறி கேக்கப் போறாங்கன்னு இன்னொரு பேச்சு. கடைசியில வரும்போது ஆளுக்கு ஒரு கட்டு வெறகு தூக்கிக்கிட்டு வர ஆரம்பிச்சோம். அப்பத்தான் வாய மூடுனாங்க.

நடக்கும்போது அவ அதிகம் பேச மாட்டா. அதுவே எனக்குச் சந்தேகம். பேசினாலும் கேள்வியாத்தான் இருக்கும். "ஒப்பரேஷன் பண்ணினா எத்தன மாசம் லீவு குடுப்பாங்கக்கா?" "அந்த நேரம் பிள்ளைக் காம்பராவுக்கு யாரப் போடுவாங்க?" அன்னிக்குத்தான் எனக்குச் சுருக்குன்னு பட்டிச்சு. அவளுக்கு ஒரு மக. பத்தொம்பது வயசு, படிச்சுட்டு வீட்டுல இருக்கு. ஓஹோ! என் வேலைக்குத்தான் அடி போடுறா. ரெண்டு நாள் கழிச்சு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் அவ கணக்குப்பிள்ளைகிட்ட நின்னு மெதுவாப் பேசுறதையும் கண்ணால பாத்தேன். என்னையக் கண்டதும் பேச்ச நிறுத்திட்டாங்க. ஆனாலும் அடுத்த நாளும் நடக்கப் போனேன், அவ வாயப் புடுங்குறதுக்கு.

அவதான் ஒரு நாள், "எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னு பாக்க வேணாமா?"ன்னு கேட்டா. கிளினிக் தேதிக்கு இன்னும் ரெண்டரை மாசம் கெடக்கு. மடுவத்துல தராசு இருக்கே, அதுல ஆள நிறுத்தா என்னான்னு முடிவு பண்ணினோம். சனிக்கிழம பகல் நிறுவை முடிஞ்ச பொறகு, சாக்க நாலா மடிச்சுத் தொட்டில் மாதிரிக் கட்டிக் கொக்கியில மாட்டி, என்னைய அதுல உக்கார வச்சா. காலத் தூக்கிக்கிட்டு நான் ஆடுறேன். போற பொம்பளைங்க, "அக்கா முத்தல் எலை, பாத்துக்கிட்டே இருங்க, கணக்குப்பிள்ளை கழிச்சுப் போட்டுருவாரு!"ன்னு கூச்சல். எனக்கும் சிரிப்பு வந்திருச்சு. கணக்குப்பிள்ளை, "எண்பத்தேழு"ன்னாரு. கிளினிக்ல எண்பத்தெட்டு. ஒரு கிலோ போயிருச்சு!

அந்தத் தராசோட மொகம் எப்பவும் கணக்குப்பிள்ளை பக்கம்தான் திரும்பியிருக்கும். நிறுக்கிறவரு பாத்துச் சொல்லுவாரு, நம்ம கேட்டுக்கணும். கொழுந்து பறிச்ச காலத்துல அதுக்காகவே எத்தன சண்ட போட்டிருக்கேன். ஆனா சனிக்கிழமைக்குச் சனிக்கிழம எண்பத்தஞ்சு, எண்பத்து மூணு, எண்பத்தொண்ணுன்னு அவரு சொல்லச் சொல்ல, ஒரு தடவ கூட எட்டிப் பாக்கணும்னு எனக்குத் தோணல. ஊருல உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்டவ, எனக்குப் புடிச்ச எண்ண மட்டும் கண்ண மூடிக்கிட்டு நம்பினேன். மழ புடிச்சு, ரோடெல்லாம் சேறு, காலெல்லாம் அட்டை. அப்பவும் நடந்தேன். சீனிய விட்டேன். பிள்ளைங்க மிச்சத்த அவ மாட்டுக்கே குடுத்தேன். கிளினிக்குக்கு முந்தின சனிக்கிழம எழுபத்தொம்பது. இன்னும் ஒரு கிலோதான், டொக்டரு விட்டுருவாருன்னு நெனைச்சு, ஆஸ்பத்திரியில படுக்கிறதுக்கு ரெண்டு நைட்டிகூட வாங்கி வச்சேன்.

கிளினிக் தராசு எண்பத்து நாலுன்னு காட்டிச்சு.

டொக்டரு திட்டல. நாலு கொறைஞ்சிருக்கு, நல்லது, இன்னும் ஆறுன்னாரு. பஸ்ஸ விட்டு எறங்கி வீட்டுக்குப் போகல, நேரா மடுவத்துக்குப் போனேன். சாயந்தர நிறுவை நடக்குது, அவளும் கொழுந்தோட நிக்கிறா. "எழுபத்தொம்பதுன்னு சொன்னீங்களே, யாரு சொல்லச் சொன்னா?"ன்னு கணக்குப்பிள்ளைகிட்டக் கத்தினேன். அந்த மனுசன் ஒண்ணும் புரியாம முழிச்சாரு.

"சாக்குக்கும் தண்ணிக்கும் வெட்டிட்டுத்தானேம்மா சொல்லுவேன், எப்பவும் போல?"

"எவ்வளவு வெட்டுனீங்க?"

"வெயிலுக்கு ஒரு கிலோ. இப்ப மழதானே, அஞ்சு."

அப்பத்தான் எனக்கு ஒறைச்சிச்சு. கொக்கியில எது தொங்கினாலும் அந்தாளு கையி வெட்டாம விடாது. முப்பது வருஷப் பழக்கம். என்னைய ஏமாத்தணும்னு அவரு நெனைக்கவே இல்ல. ஆனா எனக்கு ஆத்திரத்த எறக்க ஒரு ஆள் வேணும். அவ பக்கம் திரும்பினேன். "நீதான்டி! இவரோட நின்னு குசுகுசுன்னு பேசினது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? என்னையச் சீக்கிரம் லீவுல அனுப்பிட்டு ஒன் மகள உக்கார வைக்கத்தான இந்த நடையெல்லாம்?" வரிசையில நின்ன அத்தன பொம்பளைங்களும் திரும்பிப் பாத்தாங்க.

அவ கூடைய எறக்கி வச்சா. "ஆமா, பேசினேன்"ன்னா. "நீங்க லீவுல இருக்கிற மூணு மாசத்துக்கு எம் மகளப் போடச் சொல்லிக் கேட்டேன். கேட்டா தப்பா? நெரந்தரமா அந்த வேல வேணும்னா நான் ஒங்கள எதுக்குக்கா எழுப்பணும்? கதவத் தட்டாம விட்டிருந்தாலே போதும். ஒங்க எடத்துக்குத் தானா ஆளு தேவப்பட்டிருக்கும்."

வீட்டுக்குப் போயிப் படுத்தேன். அவ மேல கோவமா, என் மேல வெக்கமான்னு தெரியல, ரெண்டும்தான். புருஷன், கூடப் பொறந்தவ, போன்ல குட்மோர்னிங் சொன்ன நாப்பது பேரு, யாரும் என் கதவத் தட்டல. தனக்கு ஒரு காரியம் ஆகணும்னு நெனைச்சவதான் தட்டினா. இத நெனைக்க நெனைக்க எனக்கு மூணு நாளு தூக்கமே இல்ல.

அந்த மூணு நாளும் நான் நடக்கல, அவளும் வரல. நாலாம் நாள் நான் மட்டும் கெளம்பினேன். கோயில் வளைவுக்குக் கிட்டப் போகும்போது பின்னாடி செருப்புச் சத்தம். அவதான். ரெண்டு பேரும் மன்னிப்பெல்லாம் கேட்டுக்கல, சேந்து நடந்தோம், சேந்து வெறகு பொறுக்கினோம். மடுவத்துத் தராசுக்கு ஒரு கும்பிடு. அதுக்குப் பொறகு தோட்டத்து மருந்துக் காம்பராவுல இருந்த நிக்கிற தராசுலதான் ஏறினேன். நான் ஏறி நின்னா அவ குனிஞ்சு பாப்பா, அவ சொல்றத நம்பாம நானும் குனிஞ்சு பாப்பேன். குனிஞ்சா முள்ளு ஆடும். அதுக்கு ரெண்டு பேரும் சண்ட புடிப்போம்.

அந்த ஆறு கிலோவுக்கு அஞ்சு மாசம் ஆச்சு. நடுவுல ஒரு தடவ மறுபடி இரத்தம் ஏத்தினாங்க. கடைசியில கிளினிக் தராசு எழுபத்தெட்டுன்னு காட்டிச்சு, டொக்டரு சொன்ன மாதிரியே அன்னிக்கே தேதி எழுதிக் குடுத்தாரு.

அந்தத் தேதி எழுதின துண்டுக் கடதாசிய எடுத்துக்கிட்டு நான் தோட்டத்து ஒபீசுக்குப் போனேன். லீவுக் கடிதத்தக் குடுத்துட்டு, நான் வர்ற வரைக்கும் பிள்ளைங்கள அடுத்த காம்பராக்காரி மக பாத்துக்கட்டும், பொறுமையான பிள்ளன்னு என் வாயாலயே சொன்னேன். அப்பவும் உள்ளுக்குள்ள ஒரு பயம், திரும்பி வந்தா எனக்கு எடம் இருக்குமான்னு. இருந்தாலும் சொல்லிட்டேன்.

சாயந்தரம் அவ என் வாசலுக்கு வந்தா. விஷயம் அதுக்குள்ள போயிருச்சு. சந்தோஷப்படுவான்னு பாத்தேன். அவ புருவத்தச் சுருக்கிக்கிட்டு என்னைய மேலயும் கீழயும் பாத்தா.

"ஒபீசுல நீங்களே போயிச் சொன்னீங்களாமே? எதுக்கு? இதுல ஒங்களுக்கு என்னா இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வரப் பாத்திச்சு, வரல.

"ஒப்பரேஷன் அன்னிக்கு நீ கூட வரணும்"னேன். "எனக்குப் பயமா இருக்குடி."

அவ மொகம் தெளிஞ்சிருச்சு.

"அப்பச் சரி"ன்னா. "மொத பஸ்ஸா, ரெண்டாவதா?"