தலைகீழாக நின்று காட்டிய 'சரி'

ட்ரைசூட் போட்ட மனிதனுக்குத் தன் கால் தனக்குச் சொந்தமில்லை. உள்ளே கம்பளி உடுப்பு, வெளியே தண்ணீர் புகாத தடித்த உறை, இடுப்பில் ஈயப் பட்டி, முதுகில் சிலிண்டர். குனிந்தால் கழுத்துப் பட்டி குரல்வளையை நெரிக்கும். இத்தனையும் போட்டு முடித்த பிறகுதான், கடைசியாக, காலில் அந்த நீண்ட றப்பர் துடுப்புகளை மாட்ட வேண்டும். இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்தவன் நாசமாய்ப் போக. அதனால்தான் குளிர்கடலில் இறங்குகிறவர்கள் சோடி சோடியாக நிற்பார்கள். ஒருவர் காலை மற்றவர் பிடித்து மாட்டிவிடுவார். அவர்களுக்கு அது சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது மாதிரி.

நான் பலேர்மோவில், லிபெர்த்தா வீதியில், ஒரு வயதான இத்தாலியச் சின்யோரேயைப் பல வருடம் வீட்டோடு இருந்து பார்த்தவன். அவர் காலமானதும் என் வேலை ஒப்பந்தமும் அவரோடு போய்விட்டது. புது ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது. என் பெர்மெஸ்ஸோவை நம்பித்தான் மனைவியும் மகளும் என்னோடு இத்தாலியில் இருந்தார்கள். கோடை காலங்களில் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில், கடலடியில் சுழியோடும் ஒரு நிலையத்தில் உடுப்பு அலசி, சிலிண்டருக்குக் காற்றடித்து, அப்படியே கோடைக்கான மெல்லிய றப்பர் உடுப்பில் சுழியோடவும் பழகியிருந்தேன். அந்த நிலையத்து முதலாளியிடம், பத்ரோனேயிடம், போய் நின்றேன். மாரிக் குளிரிலும் வாடிக்கையாளர்களோடு இறங்க ஓர் ஆள் தேவை என்றார். ட்ரைசூட்டில் ஒருமுறை என்னோடு ஒழுங்காக இறங்கி ஏறிக் காட்டு, ஒப்பந்தம் எழுதித் தருகிறேன் என்றார். ஒப்பந்தத்துக்காக அவர் காலில் விழச் சொல்லியிருந்தாலும் விழுந்திருப்பேன்.

நடந்ததோ வேறு. அவர் என் காலடியில் முழந்தாளிட்டார்.

பெப்ரவரி மாதச் சனிக்கிழமை. துறையின் கல்லில் நான் இருந்தேன். பின்னால் நாலைந்து பேர் உடுப்போடு காத்து நின்றார்கள். பத்ரோனே எழுபதை நெருங்கிய மனிதர், நரைத்த தலை, இருந்து எழும்பும்போது முழந்தாளில் கை ஊன்றுகிறவர். அவர் என் முன்னால் மண்டியிட்டு, சப்பாத்தோடு சேர்ந்த என் காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. தகப்பன் வயதுக்காரர் காலைத் தொட விடுகிற வளர்ப்பு எங்களுடையது இல்லை. யோசிக்க முன்னமே காலை வெடுக்கென்று இழுத்தேன். இழுத்த குதி போய் அவர் நாடியில் பட்டது.

மானம் கப்பலேறியது அங்கேதான். பதறிப்போய் அவர் நெஞ்சைத் தொட்டு என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஊரில் யார் மேலாவது கால் பட்டால் அதுதானே செய்வோம். பின்னால் நின்றவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? கிழவரை உதைத்துவிட்டுக் கும்பிடுகிற ஒரு பைத்தியத்தைக் கண்டிருப்பார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். பத்ரோனே நாடியைத் தடவிக்கொண்டு, நோகவில்லை, காலைத் தா என்று மறுபடியும் கையை நீட்டினார். நானே போடுவேன் என்றேன். முடியாது என்றார். முடியும் என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த வீறாப்பு.

காலை மடித்து மற்றத் தொடையில் போட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. சரிந்து படுத்துப் பார்த்தேன், சிலிண்டர் என்னை உருட்டிவிட்டது. மல்லாக்காய்க் கிடந்து, ஆமை மாதிரி, ஒரு துடுப்பை எப்படியோ கொளுவினேன். மற்றதன் பட்டி குதியில் ஏறியதா, அரைவாசியில் நின்றதா என்று எனக்கே தெரியாது. ஏறிவிட்டது என்றேன். பத்ரோனே பார்க்கக் குனிந்தார். அவர் கை படுவதற்கிடையில் தண்ணீரில் குதித்துவிட்டேன்.

கீழே போய்க் கொஞ்ச நேரத்திலேயே அந்தத் துடுப்பு கழன்று போனது. அதைப் பிடிக்கத் தலையைக் கீழே குத்தினேன். உடுப்புக்குள் இருந்த காற்று முழுவதும் கால்களுக்கு ஓடியது. ட்ரைசூட்டில் செய்யவே கூடாத காரியம் அது, முதல் பாடத்திலேயே பத்ரோனே சொல்லித் தந்திருந்தார். கால் இரண்டும் ஊதி மேலே இழுக்க, துறைக்குப் பக்கத்திலேயே, தலை கீழாகவும் கால் வெளியாகவும் மிதந்தேன். கரையில் உணவகங்கள். கணவாய்ப் பொரியலோடு இருந்த சனம் என் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாயில் காற்றுக் குழாய் இருந்தது. ஆனால் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து மூக்கில் ஏறியது, மூச்சு முட்டியது. செத்தேன் என்றுதான் நினைத்தேன். அப்போது பத்ரோனேயின் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது, அவர் நேராக, நான் தலைகீழாக. என்ன செய்தி என்று கையால் கேட்டார். ஏதோ பிழை என்று உள்ளங்கையை ஆட்டிக் காட்டினால் போதும். நான் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினேன். சரி. எல்லாம் சரி.

அவர் அதை நம்பவில்லை. இடுப்பைப் பிடித்துப் புரட்டி, வால்வைத் திறந்து காற்றை விட்டு, கழுத்துப் பட்டியில் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார்.

கரையில் நான் இருமிக்கொண்டிருக்க, என் ஈயப் பட்டியைக் கழற்றினார். பிறகு கோபமில்லாத குரலில் சொன்னார்:

"உதைத்தது பரவாயில்லை. துடுப்பு கழன்றது பரவாயில்லை. மூச்சு முட்டும்போது சரி என்று காட்டுகிறவனோடு நான் யாரையும் கீழே அனுப்ப மாட்டேன்."

ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்காமல் உடுப்பைக் கழற்றிவைத்துவிட்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி என்ன மாதிரி என்று கேட்டாள். நல்லாப் போச்சு என்றேன். சோற்றைப் போட்டாள், பக்கத்தில் இருந்தாள், இன்னொருதரம் கேட்டாள். நல்லாத்தான் போச்சு என்றேன். தன் போனை என் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். எங்கள் தேவாலயப் பங்குச் சனங்களின் வாட்ஸ்அப் குழு. உணவகத்தில் கோப்பை கழுவுகிற யாரோ ஒருவர், ஆரோ வெள்ளைக்காரன் தலைகீழா நிக்கிறான் என்று எழுதிப் போட்ட வீடியோ. இரண்டு கால், ஒன்றில் துடுப்பு, மற்றதில் இல்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றுகிற வெள்ளைக்காரன் நான்.

அவள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"குப்புற விழுந்தும் மீசையிலை மண் ஒட்டேல்லை, அப்பிடித்தானே?" என்றாள். தண்ணீருக்குள் பத்ரோனேக்குச் சரி என்று விரலைக் காட்டியதை மெல்லச் சொன்னேன். அவள் குரல் உடைந்தது: "இஞ்சாருங்கோ, அந்தாளுக்குக் காட்டினதைத்தான் எனக்கும் இவ்வளவு நாளும் காட்டிக்கொண்டிருக்கிறியள். நான் எப்பிடி உங்களைப் பிடிச்சு இழுக்கிறது?"

அவள் முகத்தில் முழிக்க முடியவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், பயந்துபோனன் எண்டு. பெர்மெஸ்ஸோ முடிய எவ்வளவு நாள் கிடக்கிறது என்பதையும், ராவிலே நித்திரை வராததையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அழுதுவிட்டு, இதையே அந்தாளிட்டைப் போய்ச் சொல்லுங்கோ என்றாள்.

ஒப்பந்தம் பிறகு கைக்கு வந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எனக்கு மறக்க முடியாமல் கிடப்பது திங்கட்கிழமை. பத்ரோனேயிடம் போய், பயந்தேன், வெட்கத்தில் சரி என்று காட்டினேன் என்றேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, உடுப்பைப் போடு என்றார். எல்லாம் போட்டுக்கொண்டு கல்லில் இருந்தேன். அவர் துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மண்டியிடாமல், சும்மா நின்றார். நான் கேட்கட்டும் என்று நிற்கிறார் என்று விளங்கியது.

எனக்கு எட்டாது, மாட்டிவிடுங்கள் என்று கேட்டேன். மெதுவாக முழந்தாளிட்டார். காலை நானே நீட்டி அவர் தொடையில் வைத்தேன். அது கிடுகிடுவென்று நடுங்கியது.

குளிரா என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.

"இல்லை, வெட்கம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டி, பட்டியைக் குதிக்கு மேலே இழுத்து விட்டார். மற்றக் காலைத் தா என்றார்.