பாப்பாவின் கழுத்தும் ஏழு சட்டைகளும்

இன்று காலை ஒரு தையல் கடைக்குச் சண்டை போடப் போனேன்.

தோளில் மூன்று மாத மகள். கையில் ஒரு பை. பைக்குள் அவளுடைய ஏழு புதுச் சட்டைகள்.

(சண்டைக்குப் போகும்போது கைக்குழந்தையைத் தூக்கிப் போகாதீர்கள். நாம் குரலை உயர்த்தும் நேரம் பார்த்துப் பால் கேட்கும்.)

முன்கதை தெரியாதவர்களுக்காக. தூத்துக்குடி வெயிலில் பாப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கலப்பில்லாத பருத்தி மட்டும் போடுங்கள் என்றார் டாக்டர். ஆன்லைனில் ‘ஆர்கானிக் காட்டன்’ என்று தேடினேன். ஒரு சட்டை எண்ணூறு ரூபாய்! என் கைக்குட்டையை விடச் சின்னது! தலைப்பிள்ளை ஆயிற்றே என்று ஒன்று வாங்கினேன். இரண்டாவது வாங்க மனசு வரவில்லை.

அப்போதுதான் ஆபீஸ் தோழி ஜெனிபா அக்காவைப் பற்றிச் சொன்னாள். பீச் ரோட்டுப் பக்கம் வீட்டு முன்னறைதான் கடை. திருப்பூரிலிருந்து இயற்கைப் பருத்தித் துணி வரவழைத்து, கைக்குழந்தைகளுக்கு மட்டும் தைக்கிறார். சட்டை நூற்றைம்பது ரூபாய். தையல் எல்லாம் வெளிப்பக்கம், அதனால் குழந்தை உடம்பில் எதுவும் உராயாது. பட்டனுக்குப் பதில் நாடா. பின்கழுத்தில் குத்துகிற லேபிளும் கிடையாது. ஒரே மூச்சில் ஆறு வாங்கினேன்.

ஒரே வாரம். பாப்பாவின் பின்கழுத்தில் ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்தது. பிறகு தோல் உரிந்து நீர் வடிந்தது. தலையைத் திருப்பினாலே வீறிட்டு அழுதாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதிதாக ஏதாவது தடவுகிறீர்களா, பவுடர், எண்ணெய், சோப்பு என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை, புதுத்துணி மட்டும்தான் என்றேன்.

அன்றைக்கே போட்டோ எடுத்து இதே பக்கத்தில் போட்டேன். கடை இருக்கும் இடம் உட்பட. ‘ஆர்கானிக் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள், யாரும் வாங்காதீர்கள்.’ நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நேற்று ஜெனிபா அக்கா போன் செய்தார். திட்டவில்லை. துணிகளோடு ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்றார், அவ்வளவுதான். போனால் வம்பு வளரும் என்று வீட்டுக்காரர் தடுத்தார். நான் கேட்கிற ஆளா?

போனதும் பையை அவர் மேஜையில் கவிழ்த்தேன். நாலு வார்த்தை கேட்டேன். (நாற்பது இருக்கும்.) அக்கா சத்தமே போடவில்லை. அது எனக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

ஒரு சட்டையின் ஓரத்திலிருந்து நூலை உருவி, வெளியே போய்த் தீக்குச்சியில் பிடித்தார். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானது. “நைலான் கலந்திருந்தா உருகி மணி மாதிரி கெட்டியாவும். தொட்டுப் பாருங்க.” தொட்டேன். விரலில் பொடிந்து போனது.

சாயம் போட்டிருப்பீர்கள் என்றேன். விட மனசில்லை.

அக்கா ஏழு சட்டைகளையும் உள்பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தார். அலமாரியில் இருந்து விற்காத ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“இந்த ஏழுலயும் பின்கழுத்துல செவப்பா ஒரு கறை இருக்கு. ஏங்கிட்ட இருக்கதுல இல்ல. இதுல ஒண்ணு நான் தைச்சதே இல்ல, அதுலயும் இருக்கே. இது என்னது?”

குனிந்து பார்த்தேன். குங்குமம்.

எங்கள் வீட்டுக்காரர் குடும்பம் உடன்குடிப் பக்கம், வியாபாரக் குடும்பம். புது மிக்சியோ புது ஸ்கூட்டியோ, மஞ்சள் குங்குமம் வைக்காமல் எதையும் தொட மாட்டோம். புதுத்துணி என்றால் ஓரத்தில் ஒரு பொட்டு. முன்னால் வைத்தால் போட்டோவில் தெரியுமே என்று, நான்தான் கழுத்துக்குப் பின்னால், உள்பக்கமாக வைத்தேன். அலசிக் காயவைத்த பிறகு, போட்டுவிடும் முன்னால். தினம் ஒரு புதுச் சட்டை, தினம் ஒரு பொட்டு. நல்ல அழுத்தமாக. அக்காவிடம் அதைச் சொன்னேன்.

“எங்க வீடுகள்ல துணிக்குக் குங்குமம் வைக்கிற வழக்கம் இல்ல. அதான் கேக்கேன்” என்றார் அக்கா.

அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டேன். பாக்கெட் குங்குமத்தில் சாயம் இருக்கும், வேர்வையில் ஊறினால் பச்சைக் குழந்தையின் தோல் தாங்காது, முதலில் அதை நிறுத்திவிட்டுச் சாயந்திரம் வந்து காட்டுங்கள் என்றார். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றும் கேட்டார். குழந்தைக்குத் தடவினால்தானே சொல்லத் தோன்றும்? சட்டைக்கு அல்லவா வைத்தேன்.

சரியாக அப்போது பாப்பா பாலுக்கு அழ ஆரம்பித்தாள். அக்கா நாற்காலியை நகர்த்திப் போட்டு, ஃபேனைத் திருப்பி வைத்து, வாசல் கதவைச் சாத்தினார். ஏமாற்றுக்காரி என்று நான் எழுதிய பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து என் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். தலை நிமிரவே முடியவில்லை.

மேஜைக்கு அடியில் ஒரு மூட்டை கிடந்தது. ஞானஸ்நானத்துக்கு என்று பத்து வீட்டுக்காரர்கள் சொல்லி வைத்துத் தைத்த உடுப்புகளாம். என் பதிவைப் பார்த்துவிட்டுப் பத்துப் பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டேன். அழுதேன் என்றே சொல்லலாம்.

“புள்ளைக்குப் புண்ணுன்னா நானும் பதறத்தான் செய்வேன். ஏங்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன செய்ய? அன்னைக்கு எங்கன எழுதினீங்களோ அங்கனயே எழுதுங்க” என்றார் அக்கா.

விற்காத அந்தச் சட்டையைப் பாப்பாவுக்குப் போட்டுவிட்டார். நூற்றைம்பது ரூபாயை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். சும்மா கொடுத்திருந்தால் இன்னும் குறுகிப் போயிருப்பேன்.

கீழே இருக்கும் போட்டோவில் இருப்பது என் கை வைத்த குங்குமம். அக்காவின் துணியில் ஒரு குறையும் இல்லை.

என் பழைய பதிவை நாற்பத்து மூன்று பேர் பகிர்ந்தீர்கள்.

இதை எத்தனை பேர் பகிரப் போகிறீர்கள்?